ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குமுன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பிவிட்டேன். புனேயில் உன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் சிலர் மாடல் விமானம் பறக்கவிடுகிறார்கள் என்றும், எட்டு வருஷம் கழித்து உனக்கும் மறுபடி ஆசை வந்திருக்கிறது என்றும் சொன்னாய். "பேட்டரி வேணாம்ப்பா. எஞ்சின் சத்தம் இல்லாம எனக்கு அது விமானமாவே தெரியல. எந்த ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதோடு பேச்சு முடிந்திருக்கலாம். நீ சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை புதுசுதான். பழசு வாங்கி சதீஷ்கிட்ட ஏமாந்தது போதும்" என்றாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் நீ மட்டும் படிக்கப்போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வற்றிய கண்மாயில் விமானம் பறக்கவிட வருகிறவர்கள் முன்னால் இதை வாசிக்கப்போகிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்க உனக்குத் தெரியும்.

முதலில் உன் கேள்வி. எஞ்சினை வாங்கிவிட்டு அதற்கு விமானம் தேடாதே. விமானத்தை முடிவு செய்துவிட்டு எஞ்சினுக்குப் போ. நீ சொன்னது போல, இறக்கை மேலே இருக்கிற, நிதானமாகப் போகிற விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் நன்றாகப் பொருந்தும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும், இது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்கக்கூடாது. நாற்பது சைஸ் டூ ஸ்ட்ரோக் இழுக்கிற விமானத்துக்கு ஐம்பத்திரண்டு சைஸ் ஃபோர் ஸ்ட்ரோக்காவது வேண்டும். டூ ஸ்ட்ரோக் தன் மூக்கில் பத்து அங்குலக் காத்தாடியைச் சுற்றிய இடத்தில் பன்னிரண்டு அங்குலக் காத்தாடியை இது மெதுவாகச் சுற்றி இழுக்கும். சக்கரக் கால் அதற்குத் தகுந்த உயரமா, காத்தாடி தரையில் தட்டாமல் இருக்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள். எந்தக் கம்பெனி என்று கேட்டால், எதற்கு வால்வும் கேஸ்கெட்டும் பேரிங்கும் தனியாகக் கிடைக்குமோ அதை வாங்கு என்பேன். வாங்கின அன்று எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். மூன்றாவது வருஷம் ஒரு சின்ன வால்வுக்கு அலைகிறபோதுதான் எதை வாங்கியிருக்கிறோம் என்று தெரியும்.

டூ ஸ்ட்ரோக்கைத் தவிர வேறெதையும் மதிக்காத அப்பா இதையெல்லாம் எங்கே படித்தார் என்று நினைப்பாய். சின்னமனூரில் முப்பது வருஷம் திராட்சைத் தோட்டத்து மருந்து ஸ்பிரேயர்களுக்கு ரிப்பேர் பார்த்தவன் நான். அதிகமாகப் புகை வந்தால் எரிபொருள் வீணாகிறது, திருகைக் குறை. இதுதான் என் படிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கை உன் அம்மா இறந்த மறுவருஷம்தான் கற்றுக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் ஒரு சின்ன எஞ்சின் வாங்கினேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு தேக்குக் கட்டையில் அதை முறுக்கி வைத்திருக்கிறேன். பறக்கவிட அல்ல. கண்ணில் புரை விழுந்தவன் எதைப் பறக்கவிடுவது? தினமும் காலையில் ஒரு டேங்க் ஓட்டுவேன். எரிபொருளை வடிகட்டி ஊற்றுவது, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என்று கால்மணி வேலையை ஒருமணி நேரமாக இழுத்துக்கொள்வேன். டேங்க் தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். அதன் பிறகு ஒரு பகல் முழுக்க மிச்சம் இருக்கும். ஒருதடவை காய்ச்சலில் இரண்டு நாள் ஓட்டவில்லை. எதிர்வீட்டு ராசாத்தி கதவைத் தட்டி, "என்னண்ணே, ரெண்டு நாளா ஒங்க எஞ்சின் சத்தத்தக் காணோம்? ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். நான் இருக்கிறேனா இல்லையா என்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவுக்குத் தெரிகிறது.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்று இருக்கிற பிளக்கை மட்டும் போடு. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே அவகாசம் அதிகம், சாதாரண பிளக் மெதுவாக ஓடும்போது ஆறிப்போய் அணைந்துவிடும். எரிபொருளில் இருக்கிற மெத்தனால் ஈரத்தை இழுக்கும், கேனை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைக்காதே. விரலால் காத்தாடியைச் சுண்டாதே, குச்சியால் சுண்டு. சுண்டுவதற்கு முன் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார். உள்ளே எரிபொருள் தேங்கியிருந்தால் கையில் கனம் தெரியும். ஓடத் தொடங்கியதும் காத்தாடிக்கு நேராகவோ பக்கவாட்டிலோ நிற்காதே, பின்னால் போய் நில். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது எரிந்து தீருகிற வரை ஓடவிட்டு, மூச்சுக்குழாய் வழியாக நாலு சொட்டு எண்ணெய் விடு. விடாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. புது எஞ்சினை முதல் சில டேங்குகளுக்கு ரிச்சாக, எரிபொருள் தாராளமாகப் போகும்படி, ஓட்ட வேண்டும். எண்ணெயும் புகையும் கக்கும், தடுமாறும், பார்க்கவே எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்போது எரிபொருள் வரத்தைக் குறைக்க நீடில் திருகை மூடினால் எஞ்சின் அழகாகப் பாடும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை.

நீ கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு படித்த, தேவாரம் ஊர்க்காரன் சதீஷ், தான் இரண்டே டேங்க் ஓட்டிய ஐம்பத்திரண்டு சைஸ் எஞ்சினை உனக்கு விலைக்குக் கொடுத்தான். நீ அதைப் பெட்டியோடு பட்டறை அலமாரியில் வைத்துவிட்டு, "சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவேன்ப்பா. அதுவரைக்கும் தொடாதீக. இன்னும் நாலு டேங்க் ரிச்சாவே ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். பத்து நாள் பொறுத்தேன். ஒரு மத்தியானம் பட்டறைக்கு யாரும் வரவில்லை. பெட்டியைத் திறந்தேன். எஞ்சின் மேல் இருந்த ஆசை மட்டும் காரணம் இல்லை, தம்பி. என் பட்டறைக்குள் நின்று என் பிள்ளை எனக்கு எஞ்சின் ஓட்டச் சொல்லித்தருகிறான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டையில் மாட்டி ஓட்டினேன். எண்ணெய் கக்கியது. இதைப் போய் ஒருத்தன் நல்ல ஓட்டம் என்று சொல்வானா என்று நீடிலை மூடினேன். சத்தம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் மூடினேன். உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று அந்த நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டாய்.

உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டுவதற்குள் எஞ்சின் ஒரு உதை உதைத்தது. நட்டு கழன்று காத்தாடி பறந்தது. மில்லில் மாவு அரைத்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த உன் அம்மாவுக்கு இரண்டு முழம் தள்ளி, தகரக் கதவில் அடித்து உடைந்தது. அவள் மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு உடைந்த துண்டையும் என்னையும் பார்த்தாள். "ஏங்க, தொடாதீகன்னு சொல்லிட்டுத்தான போனான்?" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். புகை போகிற வால்வு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. சரியாக உட்காரவில்லை. பம்புசெட் வால்வுக்குச் செய்வது போல கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். அது கடுகு மாதிரி வால்வு. தேய்க்கத் தேய்க்க இன்னும் கெட்டது. கடைசியில் துடைத்து, மாற்றுக் காத்தாடி மாட்டி, நீ வைத்திருந்தபடியே பெட்டியில் வைத்தேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நீ வந்தாய். மறுநாள் காலை கண்மாயில் சதீஷும் நாம் இருவரும் போக எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து நீ கட்டிய மஞ்சள் விமானம். எஞ்சின் லேசில் கிளம்பவில்லை. கிளம்பியும் விக்கிக்கொண்டே ஓடியது. நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இத நீங்க ஓட்டினீகளா?" என்று கேட்டாய். "நான் ஏன் தொடப்போறேன்?" என்றேன். அந்த இடத்தில் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். விமானம் தரையை விட்டு எழும்பி ஒரு பனை உயரம் போனதும் எஞ்சின் நின்றது. நீ அதைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தாய். இறக்கை சாய்ந்து, கரைக் கல்லில் மோதி நொறுங்கியது. வேகம் இல்லாதபோது திருப்பாதே, நேராகப் போய் எங்கே முடிகிறதோ அங்கே இறக்கு. இதை இப்போது உனக்கு அறிவுரையாகச் சொல்கிறேன். அன்றைக்கு இதையே உன்னைத் திட்டுவதற்காகச் சொன்னேன். தப்பு செய்தவன் நான், எல்லோர் முன்னாலும் கத்தியதும் நான்தான்.

எஞ்சினை அங்கேயே பிரித்தாய். நீலம் பாரித்த வால்வைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. "எரிச்சு நாசமாக்கிட்டு என் தலையில கட்டிட்டியாடா?" என்று சதீஷைக் கேட்டாய். அவன் பதறிப்போனான். "சத்தியமா ரெண்டு டேங்க்தான்டா ஓட்டுனேன், அதுவும் ரிச்சா" என்றான். நீ நம்பவில்லை. அவன் என்னிடம் வந்தான். "அப்பா, நீங்க மெக்கானிக். நீங்க சொல்லுங்க, இது என் கையில ஆனதா?" எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். வால்வை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "முன்னாடியே சூடானதாத்தான் தெரியுது" என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எஞ்சினை அவன் கையில் திணித்து, "இனி என் மூஞ்சில முழிக்காத" என்றாய். கூட்டத்தில் யாரோ "கூட இருந்துக்கிட்டே ஏமாத்திட்டான் பாரு" என்றார்கள். அவன் அழுதுகொண்டே பைக்கை எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நீ மஞ்சள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

உன் அம்மா அதன் பிறகு மூன்று தடவை சொன்னாள். "நம்ம பிள்ளைகிட்ட உண்மையச் சொல்லிப்புடுங்க. அந்தச் சதீஷ் பய மூஞ்சி என் கண்ணுலயே நிக்கிது." நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நீ புனேக்குப் போனாய், கல்யாணம் முடிந்தது, ஒவ்வொன்றுக்கும் பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, "சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றேன். "கோவிச்சானா?" என்றாள். "இல்ல" என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். உன்னிடம் சொன்ன பொய்க்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவளிடம் சொன்னதற்கு நான் யாரிடம் போவேன்?

நீ போனில் பேசிய மறுநாள் தேவாரத்துக்கு பஸ் ஏறினேன். சதீஷ் வீட்டில் அவன் மனைவி, "சோளக்காட்டுல மருந்து அடிக்கப் போயிருக்காக, அங்கன போனாப் பாக்கலாம்" என்று வழி சொன்னாள். அவன் இப்போது ட்ரோன் வைத்துக் காடு காடாக மருந்து அடிக்கிறான். வரப்பில் நின்று கையில் ரிமோட்டோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா" என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காடு முடிகிற வரை அடித்தான். இறக்கினான். பேட்டரியைக் கழற்றி நிழலில் வைத்தான். பிறகுதான் பேசினான்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும். வீட்டுக்குப் போயி அந்த வால்வ உத்துப் பாத்தேன். இடுக்குல கிரைண்டிங் பேஸ்ட் ஒட்டியிருந்துச்சு. எங்க வீட்ல பேஸ்ட்டு ஏது? அவன் ஹாஸ்டல்ல ஏது?"

"அவன்கிட்ட ஏன் சொல்லலப்பா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"சொல்லணும்னுதான் பைக்க எடுத்தேன். பாதி வழியில நிறுத்திட்டேன். அவன் என்னைய நம்பலைன்னா நான் ரெண்டாவது தடவையும் பொய்க்காரன். நம்பிட்டான்னா ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டான். ஏற்கெனவே நான் இல்ல. நீங்களும் இல்லாமப் போனா அவனுக்கு அம்மாவ விட்டா யாரு இருக்கா? சரி, அப்பாவே சொல்லட்டும்னு விட்டுட்டேன்." மருந்து டப்பாவை மூடிக்கொண்டே, "ரெண்டு வருசம் எதிர்பாத்தேன். அம்மா எறந்தப்ப வந்து ஓரமா நின்னேன். அன்னைக்காவது கூப்பிட்டுச் சொல்வீகன்னு நெனச்சேன். நீங்க பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக" என்றான்.

திருப்பிக்கொண்டேன், தம்பி. அவன் சொன்னது நிஜம்.

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் மெதுவாக விலக்கிக்கொண்டான். கோபமாகக்கூட இல்லை. "எங்கிட்ட வந்து சொன்னது போதாதுப்பா. அன்னைக்கு எட்டுப் பேரு முன்னால சொன்னீக. அவுக பிள்ளைக என் பிள்ளைகூடப் படிக்குதுக" என்றான். சரி என்றேன். அதனால்தான் கண்மாயில் வாசிக்கிறேன். அந்த எட்டுப் பேரில் இப்போது வருகிறவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வேன்.

பஸ் நிறுத்தம் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்து நான் படியில் கால் வைத்தபோது, "அவன் இப்ப என்ன விமானம் வச்சிருக்கான்?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்லப்பா. அன்னையிலிருந்து எதுவுமே பறக்கவிடல" என்றேன். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுடைய எட்டு வருஷத்தை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு, உன்னுடைய எட்டு வருஷமும் அந்தப் படியில்தான் கணக்கில் வந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய். நான் தனியாக இருக்கிறேன் என்கிற இரக்கத்தில் கொடுப்பாய். அது எனக்கு வேண்டாம். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அதை அடக்காதே. அது தீர எத்தனை நாள் ஆகுமோ ஆகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவனுக்குச் செய். "அவன் நம்பர் மாத்தலையேப்பா?" என்று பஸ் கிளம்பும்போது உன்னைப் பற்றி என்னிடம் கேட்டான், மாற்றவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் அவனாகக் கூப்பிடமாட்டான். நீதான் கூப்பிட வேண்டும். எந்த எஞ்சின் வாங்கலாம் என்று அவனிடமே கேள். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா